பதினாறு டிகிரி இடது பக்கம்

அருண் கண்ணா,

பார்சலைப் பிரித்ததும் மேலே இருந்த முறுக்கு டப்பாவைத்தான் முதலில் திறந்திருப்பாய், தெரியும். சாப்பிட்டுக்கொண்டே படி. அடியில் பழைய துண்டில் சுற்றி ஒரு கறுப்புப் பெட்டி இருக்கும். அதை இப்போதைக்குத் தொடாதே, எந்தப் பட்டனையும் அமுக்காதே, உள்ளே இருக்கும் எதையும் தப்பித் தவறிக்கூட அழித்துவிடாதே. ஏன் என்று கடைசியில் சொல்கிறேன். உனக்குத் தமிழ் படிக்க நேரமாகும். திருச்சியில் இரண்டாம் வகுப்பு முடித்துவிட்டு வந்தவன் நீ, எழுத்து மறந்திருக்காது. தடுக்குகிற இடத்தில் அம்மாவுக்கு ஃபோன் போடு, அவள் படித்துச் சொல்வாள். ஆங்கிலத்தில் எழுதியிருக்கலாம். ஆனால் ஆங்கிலத்தில் எழுதினால் நான் ஆபீஸ் மெமோ மாதிரி எழுதிவிடுவேன், யார் செய்தார்கள் என்பதே தெரியாமல் எல்லாம் தானாக நடந்தது போல இருக்கும். யார் செய்தார்கள் என்று சொல்லத்தான் இதை எழுதவே உட்கார்ந்தேன்.

மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை நீ சான் டியேகோவிலிருந்து அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தாய். படிப்பு முடிந்தது, கிழக்குக் கரைப் பக்கம் பார்சிப்பனியில் வேலை கிடைத்தாயிற்று, அங்கே போய்ச் சேருவதற்குள் கெவினோடும் இன்னொரு பையனோடும் சியெரா மலையில் மூன்று வாரம் நடக்கப் போவதாகச் சொன்னாய். நானும் இரண்டு வார்த்தை பேசலாமென்று கராஜில் அதே லைனில் இருக்கும் இன்னொரு ஃபோனை எடுத்தேன். அதற்குள் அம்மா, "மலையில வழி யாருடா பாத்துக்கறது?" என்று கேட்டுவிட்டாள். "டோன்ட் வொர்ரி அம்மா, கெவின் நேவிகேட் பண்றான். நான் மேப்பைத் தொடவே மாட்டேன். ஐ ஆம் டெரிபிள் அட் இட். உன் கை ஞாபகம் இருக்குல்ல?" என்று சொல்லிச் சிரித்தாய். அம்மாவும், "போடா, அது எப்பவோ நடந்தது" என்று சிரித்தாள். நான் சத்தம் வராமல் ஃபோனை வைத்துவிட்டேன். ஏழு வருஷமாக நீ இதை நிஜம் என்று நம்பிக்கொண்டிருக்கிறாய் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

இரு, வருகிறேன். அதற்கு முன் நீ ஈமெயிலில் கேட்ட கேள்விக்குப் பதில். கேட்டதற்கு முதலில் பதில் சொல்வது என் பழக்கம். கஷ்டமானதைக் கொஞ்சம் தள்ளிப்போடுவதும் என் பழக்கம்தான். எந்த ஜி.பி.எஸ். வாங்கலாம் என்று கெவின் கேட்கச் சொன்னதாக எழுதியிருந்தாய். கலர் திரை, உள்ளே மேப், பாட்டுப் பாடும் என்றெல்லாம் கடைக்காரன் சொல்வான், காதில் வாங்காதே. பன்னிரண்டு சாட்டிலைட்டை ஒரே நேரத்தில் பிடிக்கிறதா என்று பார். மரத்தடியில் நின்றாலும் பிடி விடாமல் இருக்க அதுதான் வேண்டும். பட்டனைக் கையுறையோடு அமுக்க முடிகிறதா, எந்தக் கிராமத்துக் கடையிலும் கிடைக்கும் சாதாரண ஏ.ஏ. பேட்டரியில் ஓடுகிறதா என்று பார். வாங்கியதும் மலையில் போய்ப் பிரிக்காதீர்கள், ஒரு வாரம் உங்கள் தெருவிலேயே அதைக் கையில் வைத்துக்கொண்டு பைத்தியக்காரன் மாதிரி நடங்கள். போன வருஷம்வரை அரசாங்கமே சிக்னலில் வேண்டுமென்று பிழையைக் கலந்துவைத்திருந்தது, இப்போது அதை நிறுத்திவிட்டார்கள், அதனால் பெட்டி முன்பைவிட நன்றாகவே இடம் சொல்லும். ஆனால் அது சொல்லும் இடமும் உன் மேப்பில் இருக்கும் இடமும் ஒரே கணக்கில் இருக்க வேண்டும். மேப்பின் ஓரத்தில் 1927 என்று போட்டிருந்தால் பெட்டியிலும் அதே 1927 கணக்கை வை. இல்லையென்றால் நூறு மீட்டர் தள்ளிக் காட்டிவிட்டு, நான் சரியாகத்தானே சொன்னேன் என்று நிற்கும். மேப்பின் ஓரத்தைப் படி அருண். ஓரத்தில் பொடி எழுத்தில் என்னென்ன போட்டிருக்கிறார்கள் என்று முழுதாகப் படி. உன் அப்பா படிக்கவில்லை.

காம்பஸ் விஷயத்துக்கு வருவோம். பெட்டி இருக்கிறதே, காம்பஸ் எதற்கு என்று கெவின் கேட்டால், பேட்டரி தீர்ந்தபின் பெட்டியை வைத்துக்கொண்டு ஆரத்தியா எடுக்க முடியும் என்று கேள். நம் வீட்டில் ஒரு பித்தளை காம்பஸ் இருக்கும், உனக்கு நினைவிருக்கும். திருச்சியில் காலேஜில் என்.சி.சி.யில் இருந்தபோது வாங்கியது. கேம்ப்பில் மேப் ரீடிங் போட்டியில் நான்தான் முதல். அதைப் பற்றி நீ கேட்காமலேயே நூறு தடவை சொல்லியிருப்பேன். அந்தப் பெருமையோடு அந்தக் காம்பஸை சூட்கேஸில் சுற்றி சான் ஹோசேவுக்குக் கொண்டுவந்தேன். இங்கே வந்ததும் அதன் முள் ஒரு பக்கம் தலை குனிந்து, கீழே உரசி உரசித்தான் சுற்றும். விமானத்தில் அடிபட்டிருக்கும் என்று நினைத்தேன். பூமியின் காந்தம் நம்மூரில் ஏறக்குறைய படுத்தவாக்கில் இழுக்கும், இங்கே நிலத்துக்குள் சாய்ந்து இழுக்கும், அந்த ஊருக்குச் சமன் செய்த முள் இந்த ஊரில் சமனாக நிற்காது என்பதெல்லாம் பிற்பாடு தெரிந்துகொண்டேன். மில்பிடாஸில் பத்து வருஷம் சர்க்யூட் போர்டு டெஸ்ட் செய்து சம்பளம் வாங்கியவன், என் கையில் இருந்த கருவியை ஒரு தடவைகூட டெஸ்ட் செய்யவில்லை. அமெரிக்கா வந்து அந்த முள்ளே தலை குனிந்தது, நான்தான் குனியவில்லை.

இப்போது அந்த நாள். தொண்ணூற்று நான்கு ஜூன், உனக்குப் பதினான்கு வயது. நம் கேம்பிங் கூட்டம் ஐந்து வீடு, புளியோதரை அண்டாவோடு மலைக்குப் போயிருந்தோம். மற்றவர்கள் கூடாரத்தில் சீட்டு ஆட, நாம் மூன்று பேர் மட்டும் காரை எடுத்துக்கொண்டு போய் ஒரு பார்க்கிங்கில் விட்டு, மேலே ஏரியைப் பார்க்க நடந்தோம். உன் பிறந்தநாளுக்கு வாங்கிய ஜி.பி.எஸ்.ஸை நீ கழுத்தில் மாட்டியிருந்தாய். அந்தக் காலத்துப் பெட்டி, ஒரு செங்கல் அளவு இருக்கும், இடம் பிடிக்கவே கால் மணி நேரம் ஆகும். கார் பக்கத்தில் நீ பொறுமையாக நின்று, அது இடத்தைப் பிடித்ததும் ஆங்கிலத்தில் 'கார்' என்று மூன்றெழுத்தில் பெயர் வைத்து சேமித்தாய். நான், "கார் எங்க இருக்குன்னு காருக்கே தெரியும்டா, வா" என்று கிண்டல் செய்தேன். ஏரிக்கரையில் சாப்பிட்டு முடித்துத் திரும்பும்போது, காலையில் நாம் வந்த பாதை பனித்திட்டுகளுக்கு அடியில் எங்கே போனதென்று தெரியவில்லை. நம் கால்தடமும் வெயிலில் கரைந்துவிட்டது. நான் மேப்பை ஒரு பாறையில் விரித்தேன். ஏரியிலிருந்து பார்க்கிங் நேர் மேற்கே இரண்டரை மைல். பித்தளை காம்பஸை எடுத்து, முள் காட்டிய வடக்கிலிருந்து நேர் மேற்கைக் கணக்கிட்டு, "இதோ பாரு, கோடு போட்ட மாதிரி கொண்டுபோய் விடறேன்" என்று கிளம்பினேன்.

கால் மணி நேரத்தில் ஒரு வெட்டவெளி வந்தது. நீ பெட்டியைப் பார்த்துவிட்டு, "அப்பா, இட் சேஸ் மோர் லெஃப்ட்" என்றாய். நான் கேட்கவில்லை. அடுத்த வெட்டவெளியில், "அப்பா, லெஃப்ட். ரியலி" என்றாய். அம்மா, "புள்ள சொல்றான்ல, கொஞ்சம் அந்தப் பக்கமும் பாருங்களேன்" என்றாள். சரி, இதுகள் வாயை அடைப்போம் என்று பத்து நிமிடம் நீ சொன்ன பக்கம் நடந்தேன். பிறகு மனசு கேட்காமல், வளைந்ததற்கு ஈடுகட்ட வலப்பக்கம் கூடுதலாகவே திரும்பி மறுபடி என் கோட்டைப் பிடித்தேன். மூன்றாவது தடவை நீ "லெஃப்ட்" என்றபோது பெட்டியை உன் கழுத்திலிருந்து கழற்றி என் பைக்குள் போட்டேன். "மிலிட்டரிக்காரன் வேணும்னே நூறு மீட்டர் தப்பாக் காட்டறான்டா, அத நம்பிக்கிட்டு இருக்கியா? காம்பஸ் பொய் சொல்லாது" என்று கத்தினேன். நூறு மீட்டர் பிழை நிஜம்தான். ஆனால் இரண்டரை மைலுக்கு நூறு மீட்டர் என்றால் ஒன்றரை டிகிரிகூட வராது. அதை ஒரு விரல் கணக்கில் போட்டிருக்கலாம், எனக்குத்தான் அன்று கோபத்தைத் தவிர வேறு கணக்கு வரவில்லை. அடுத்த அரை மணியில் ஒரு சரிவில், பனியில், அம்மா சறுக்கி இடது மணிக்கட்டை ஊன்றி விழுந்தாள். அந்தச் சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது. என் சட்டையைக் கிழித்துக் கட்டி, நடந்து, ஒரு மண் ரோட்டில் வந்து விழுந்தோம். கார் இல்லை, பார்க்கிங்கும் இல்லை. பிக்கப் வண்டியில் வந்த வயதான தம்பதி ஏற்றிக்கொண்டார்கள். முக்கால் மைல் தள்ளித்தான் நம் கார் நின்றது. மண் ரோட்டில் நாம் நின்ற இடத்திலிருந்து இடது பக்கம்.

எமர்ஜென்சி ரூமுக்கு நம் கேம்பிங் கூட்டத்துச் சேகர் அங்கிள் ஓடிவந்தார். அம்மா உள்ளே எக்ஸ்ரேயில் இருந்தாள். "என்னடா இது, என்.சி.சி. ஆளு நீ, உனக்கே வழி தப்பிடுச்சா?" என்று அவர் கேட்டார். அவர் அக்கறையாகத்தான் கேட்டார். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. நான் சொன்னேன், இந்தக் கையால் அப்படியே எழுதுகிறேன்: "இவனாலதான்பா. அந்தப் பொட்டிய வச்சுக்கிட்டு லெஃப்ட் லெஃப்ட்னு ஒரே நச்சு. அவன் பேச்சக் கேட்டு வளைஞ்சு, அப்புறம் அதச் சரி பண்ணப் போய் எல்லாம் கெட்டுச்சு." நீ அம்மாவின் ஈர ஷூக்களை இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு அங்கேதான் நின்றிருந்தாய். நீ என்னை எதிர்த்து ஒரு வார்த்தை சொல்வாய் என்று பார்த்தேன். நீ சொன்னது, "சாரி அப்பா." கண்ணா, சத்தியமாகச் சொல்கிறேன், அன்று நான் பொய் சொல்லவில்லை, அதை நானே நம்பினேன். பொய் ஆனது பிற்பாடு.

அதற்கப்புறம் நடந்தது உனக்கே தெரியும். தீபாவளி கெட்-டுகெதரில் சேகர் அங்கிள் உனக்கு 'லெஃப்ட் அருண்' என்று பெயர் வைத்தார். "லட்டு எங்கப்பா இருக்கு? யாராவது சொல்லுங்க, லெஃப்ட் அருண்கிட்ட மட்டும் கேக்காதீங்க" என்று வசந்தி ஆன்ட்டி சொல்ல, ஐந்து வீடும் சிரித்தது. முதலில் நீயும் சிரித்தாய். அடுத்த கோடையில் கேம்பிங் என்றதும் ஹோம்வொர்க் இருக்கிறது என்றாய். உனக்கு டிரைவிங் சொல்லிக்கொடுத்த நாள் ஞாபகம் இருக்கிறதா? நம் தெருமுனை, ஏழு வருஷமாக நாம் குடியிருக்கும் தெரு, அங்கே வண்டியை நிறுத்திவிட்டு, "லெஃப்டா ரைட்டா அப்பா?" என்று கேட்டாய். நான் கூப்பர்டினோ வரை கேட்கிற மாதிரி சிரித்தேன். நீ ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே இருந்தாய். அந்தச் சிரிப்பை என்னால் திரும்ப வாங்க முடிந்தால் என்ன வேண்டுமானாலும் கொடுப்பேன், ஏனென்றால் அதற்குள் எனக்கு உண்மை தெரிந்திருந்தது.

எப்போது தெரிந்தது என்று கேட்பாய். விபத்து நடந்த அதே வருஷம், தீபாவளி முடிந்து இரண்டு வாரம் கழித்து. மழை நாள், மதியம், நீ ஸ்கூலில் இருந்தாய். எங்கே வளைந்தோம் என்று பார்ப்பதற்காக அந்த மேப்பை டைனிங் டேபிளில் விரித்தேன். உன் தப்பை பென்சிலால் குறித்து வைக்கலாம் என்றுதான், பார் என் புத்தியை. கீழ் ஓரத்தில் சின்னதாக இரண்டு அம்புக்குறி. ஒன்று நிஜ வடக்கு, மற்றது காம்பஸ் முள் காட்டும் வடக்கு. இரண்டுக்கும் நடுவே பதினாறு டிகிரி. நம் திருச்சியில் இந்த வித்தியாசம் ஒன்றிரண்டு டிகிரிதான், கேம்ப்பில் எங்களுக்குப் பாடம் எடுத்த ஹவில்தார், "அதெல்லாம் கண்டுக்காதீங்கப்பா" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். நான் அந்த ஒரு வரியை கலிஃபோர்னியா வரை கொண்டுவந்தேன். ஸ்கேல் வைத்துக் கோடு போட்டுப் பார்த்தேன். முள் காட்டிய மேற்கை நம்பி நடந்தால் பதினாறு டிகிரி வலப்பக்கம் போகும். இரண்டரை மைலில் முக்கால் மைலுக்குக் கொஞ்சம் குறைவாக விலகும். நாம் போய் விழுந்த மண் ரோடு அங்கேதான் இருந்தது. நீ முதல் தடவை "லெஃப்ட்" என்றபோதே பெட்டி சரியாகச் சொல்லியிருக்கிறது. நீ இழுத்து நான் வளைந்த பத்து நிமிடம் இருக்கிறதே, அன்று திரும்பும்போது நாம் சரியான திசையில் நடந்தது அந்தப் பத்து நிமிடம் மட்டும்தான். மேப்பை மடித்து டிராயருக்குள் வைத்தேன். சாயந்திரம் நீ வந்தாய், பால் குடித்தாய், மாடிக்குப் போனாய். நான் சொல்லவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று வைத்தது ஏழு வருஷம் ஆகிவிட்டது.

ஒன்றே ஒன்று செய்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன். அந்தப் பழைய பெட்டியில் பேட்டரி இல்லாமல் ரொம்ப நாள் கிடந்தால் சேமித்த இடங்கள் அழிந்துபோகும். வருஷா வருஷம் ஆயுத பூஜையன்று என் மல்டிமீட்டர், சால்டரிங் அயர்ன், கார் சாவியோடு அந்தப் பெட்டியையும் வைத்து, சந்தனம் குங்குமம் இட்டு, புது பேட்டரி மாற்றிவிடுவேன். "ஓடாத பொட்டிக்கு எதுக்குங்க பேட்டரி?" என்று அம்மா கேட்பாள். "சும்மாதான்" என்பேன். பவர் பட்டன் ஓரத்தில் சிவப்பாக ஒட்டியிருப்பது ஆறு வருஷத்துக் குங்குமம்.

போன சனிக்கிழமை அம்மாவைக் கூட்டிக்கொண்டு அந்த ஏரிக்குப் போனேன். அவளிடம் எதற்கென்று சொல்லவில்லை. ஏரிக்கரையில் தயிர்சாதத்தைப் பிரித்தபோது எல்லாவற்றையும் சொன்னேன். மேப்பின் ஓரத்தைக் காட்டினேன். அவள் மேப்பை என் கையிலிருந்து வாங்கிப் பார்த்தாள். "ஏழு வருஷமாவாங்க?" என்றாள். "ஆமா" என்றேன். குளிர் வந்தால் இன்னும் வலிக்கிற கையை மடியில் வைத்திருந்தாள், நான் அதைத் தொடப் போனேன், நகர்த்திக்கொண்டாள். "என் கைய விடுங்க, எலும்பு கூடிடுச்சு. புள்ளைக்குத்தான் எதுவும் கூடல. அவன்கிட்ட சொல்லுங்க முதல்ல." பிறகு, "அவன்கிட்ட மட்டும் சொன்னா போதாது. சிரிச்சது அஞ்சு வீடு, அஞ்சு வீட்டுக்கும் சொல்லுங்க" என்றாள். அதனால்தான் இந்தக் கடிதத்தை எழுதி முடித்ததும் நாலு ஜெராக்ஸ் எடுத்து மற்ற நாலு வீட்டுக்கும் தபாலில் போடுகிறேன். சேகருக்கு முதல் பிரதி. வசந்தி, லட்டு எங்கே இருக்கிறது என்று இனிமேல் அருணிடமே கேள்.

திரும்பும்போது உன் பெட்டியை ஆன் செய்தேன். 'கார்' என்ற இடம் அப்படியே உள்ளே இருந்தது. பாதையை விட்டுவிட்டு அதன் அம்பு காட்டிய பக்கமே நடந்தோம். கையில் புது காம்பஸ், இந்த ஊர் வித்தியாசத்தைத் திருகி வைத்துக்கொள்ளும் ரகம். அதுவும் பெட்டியும் ஒரே பக்கம் காட்டின. அம்மா முன்னால் நடந்தாள், "இந்தத் தடவ நான்தான் முன்னாடி" என்று சொல்லிவிட்டாள். பெட்டி எங்களைக் கொண்டுபோய் நிறுத்தியது பார்க்கிங் போர்டுக்குப் பின்னால் ஒரு புதரில். அன்று கார் நின்ற இடத்திலிருந்து எண்ணிப் பார்த்தேன், எழுபத்தோரு தப்படி. மிலிட்டரிக்காரன் கலந்த பிழை, பழைய பெட்டி, எல்லாம் சேர்ந்தும் பதினான்கு வயதுப் பிள்ளை எழுபத்தோரு தப்படிக்குள் சொல்லியிருக்கிறான். போட்டியில் முதலில் வந்த அவன் அப்பா முக்கால் மைல் தள்ளிக் கொண்டுபோய் அவன் அம்மாவின் கையை உடைத்தான். அங்கேயே போர்டைப் பிடித்துக்கொண்டு அழுதேன் அருண். அம்மா முதுகைத் தடவிக்கொடுத்தாள். இடது கையால்தான்.

அந்தப் பெட்டிதான் துண்டில் இருக்கிறது. மலைக்கு எடுத்துப் போகாதே, கனம். உன் மேஜையில் வைத்துக்கொள், 'கார்' என்பதை மட்டும் அழிக்காதே, வருஷத்துக்கு ஒரு முறை பேட்டரி மாற்று. மலைக்கு அந்தப் புது காம்பஸைப் பெட்டிக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன், பதினாறை நானே திருகிவிட்டேன். ஆனால் என்னை நம்பாதே, மேப்பின் ஓரத்தைப் பார்த்து நீயே ஒரு தடவை சரிபார். காலையில் கிளம்பும் இடத்தை அவசரப்படாமல் சேமி, பேப்பரிலும் எழுதிக்கொள், பேட்டரியைச் சட்டைக்குள் சூடாக வை. மேப், காம்பஸ், பெட்டி மூன்றும் ஒத்துப்போகாவிட்டால் நின்று உட்காருங்கள், ஏதாவது சாப்பிடுங்கள், ஒவ்வொருவரும் என்ன நினைக்கிறார் என்று கேட்டுவிட்டு எழுந்திருங்கள். கெவின் நல்ல பையன்தான். இருந்தாலும் அவனிடம் நான் சொன்னதாகச் சொல்: முதல் நாள் மேப் அருண் கையில் இருக்கட்டும்.

நீ சொன்ன பக்கம்தான் சரி, கண்ணா. மூன்று தடவையும் சரி. என்னை மன்னிக்க வேண்டுமென்று அவசரமில்லை, மூன்று வாரம் நடக்கப் போகிறாய், யோசித்துக்கொண்டே நட.

அன்றைக்கு உன் பின்னால் நடந்திருக்க வேண்டிய,
அப்பா